சத்தத்தை எடுத்துக்கொண்டோம், சண்டையை விட்டுவிட்டோம்: வடசென்னையில் பிளாக் மெட்டல்

எங்கள் பேண்டில் மூன்று பேர். கிட்டாரும் குரலும் நான், தண்டையார்பேட்டை. பேஸ் வாசிப்பவன் காசிமேட்டுக்காரன், பகலில் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறான். டிரம்மர் ராயபுரம். சர்ச் கொயரில் வாசித்து வளர்ந்தவன், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் இருப்பான். நாங்கள் வாசிப்பது பிளாக் மெட்டல், கடுமையான ராக் இசையில் ரொம்ப இருட்டான ஒரு வகை. அது தெரிந்தவர்கள் டிரம்மரைப் பற்றிய வரியைப் படித்ததும் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு அது ஏன் சிரிப்பு என்று போகப்போகப் புரியும். பேண்டின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, எங்கள் லோகோவை எங்கள் அம்மாக்களாலேயே படிக்க முடியாது.

அவ்வப்போது தம்பிகள் சிலர் வந்து கேட்கிறார்கள். எதில் ஆரம்பித்துக் கேட்பது, கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் எது வாங்குவது, வீட்டில் எப்படிச் சமாளிப்பது. அவர்களிடம் துண்டுதுண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பிளாக் மெட்டல் என்ற பெயர் வந்தது இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் என்ற பேண்ட் 1982-ல் அதே பெயரில் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து. ஆனால் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் காதில் வரும் சத்தத்துக்கு அடிப்படை போட்டவர்கள் ஸ்வீடனின் பாத்தரியும் ஸ்விட்சர்லாந்தின் ஹெல்ஹேமரும். நார்வே அதற்கு அப்புறம்தான். 90-களின் தொடக்கத்தில் மேஹெம், டார்க்த்ரோன், எம்பரர், இம்மார்ட்டல், பர்சம் எல்லோரும் வந்து அதற்கு ஒரு முழு உருவம் கொடுத்தார்கள். கிட்டாரில் நிறுத்தாமல் மேலும் கீழும் அடிக்கும் டிரெமலோ பிக்கிங், டிரம்ஸில் அதிவேகமாக விடாமல் அடிக்கும் பிளாஸ்ட் பீட், கிறீச்சிடும் குரல், வேண்டுமென்றே கரடுமுரடாக விட்ட ரெக்கார்டிங்.

நான் இங்கே வந்த வழி என் வயதுக்காரர்கள் எல்லோரும் வந்த வழிதான். பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 சிடி, வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டர், ஐயன் மெய்டன், ஸ்லேயர், அங்கிருந்து இருட்டுப் பக்கம். அதில் சொல்ல அதிகமில்லை.

சொல்ல வேண்டியது டார்க்த்ரோனைப் பற்றி. 1994-ல் வந்த அவர்களுடைய 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஃபென்ரிஸ் ஒருவரே நான்கு டிராக் மட்டுமே உள்ள எளிய ரெக்கார்டரில் வாசித்துப் பதிவு செய்தார். குரல் மட்டும் நொக்டர்னோ குல்ட்டோ. முதல் தடவை கேட்டால் ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். டிரம்ஸ் ஆல்பம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம். ஆனால் ராத்திரி ஹெட்போனில் இரண்டு மூன்று தடவை விடுங்கள். இரைச்சலுக்கு அடியில் ரொம்ப எளிமையான, சோகமான மெட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் பஸ்ஸில் போகும்போது வாய் அதை முணுமுணுக்கும்.

இதே பேண்ட் 1991-ல் வந்த தன் முதல் ஆல்பத்தை ஸ்டாக்ஹோமில் சன்லைட் என்ற பெயர்பெற்ற ஸ்டூடியோவில் பதிவு செய்தது. சுத்தமான சவுண்டு எப்படி வரும் என்று தெரிந்தவர்கள்தான் அதை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். தம்பிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது. ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை) முதலில் கரகரப்பு சேர்க்கும் டிஸ்டார்ஷன் இல்லாமல் வெறும் கிட்டாரில் வாசித்துப் பாருங்கள். முணுமுணுக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் எந்தப் பெடலும் அதைக் காப்பாற்றாது. மட்டமாகப் பதிவு செய்துவிட்டு 'இதுதான் அண்டர்கிரவுண்டு' என்று சொல்லிக்கொள்கிற டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் பூராவும் குப்பையாகக் கிடக்கின்றன.

சரி, சர்ச் விஷயத்துக்கு வருவோம்.

1992-ல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஃபான்டாஃப்ட் என்ற மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் பல. 1993 ஆகஸ்டில் மேஹெமின் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸை, பர்சம் நடத்திய வார்க் விகெர்னெஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் சேர்த்து 1994-ல் 21 வருடத் தண்டனை. இந்தக் கதையைத்தான் பிளாக் மெட்டலுக்குப் புதிதாக வரும் பையன்கள் முதலில் படிக்கிறார்கள், படித்ததும் கண் விரிகிறது. அடுத்த வாரமே தலைகீழ்ச் சிலுவை போட்ட டி-ஷர்ட்.

அந்தக் காலத்து நார்வேயில் சர்ச் என்பது அரசாங்கம். அரசியல் சட்டத்தைத் திருத்தி 2012-ல்தான் அதை அரசிலிருந்து பிரிக்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பையனுக்கு அதன்மேல் கோபம் வந்தது என்றால், அந்தக் கோபத்தை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ராயபுரத்தில் சர்ச் என்பது என்ன? கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் ராத்திரி முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கும் இடம். எங்கள் பேண்டைப் பொறுத்தவரை, காசில்லாத ஒரு பையன் உட்கார்ந்து பழக ஒரு முழு டிரம் செட் கிடைத்த ஒரே இடம். சென்னை டிரம்மர்களில் எத்தனை பேர் சர்ச்சில் பழகியவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எம்.சி. ரோட்டில் நடந்தால் எந்த அதிகாரமும் அசையாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குத்தான் மனசு கஷ்டப்படும். அதுமட்டுமல்ல, இந்த நாட்டில் சர்ச்சின் மீது கல்லெறியக் காத்திருக்கும் கூட்டம் வேறு ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் பின்பாட்டுப் பாட எங்களுக்கு விருப்பமில்லை.

எங்கள் பேண்டில் ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவன் சத்தத்தைக் கடன் வாங்கலாம், எதிரியைக் கடன் வாங்கக்கூடாது.

இனவெறி விவகாரமும் இதோடு சேர்ந்தது. விகெர்னெஸ் எழுதியதும் பேசியதும் வெளிப்படையான வெள்ளை இனவாதம். நான் மேலே தூக்கிப் பேசிய டார்க்த்ரோன் ஆல்பத்தின் பின்னட்டையிலேயே முதலில் ஓர் 'ஆரிய' வாசகம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதில் பாதிப் பாடல்களுக்கு வரிகள் எழுதியதும் விகெர்னெஸ்தான். இதை மறைத்துவிட்டு யாருக்கும் அந்த ஆல்பத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். தண்டையார்பேட்டையில் பிறந்த கறுத்த பையன் தன் சம்பளத்தில் இனவெறிக்காரனுக்குக் காசு அனுப்புவதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை. பழைய பதிவுகளை ஒரு மாணவனாகக் கேட்பேன், அவர்களுக்கு ஒரு ரூபாய் போகாது. புது பேண்ட் என்றால் வாங்குவதற்கு முன்னால் எந்த லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்), அந்த லேபிளில் வேறு யார், வரிகள் என்ன என்று பத்து நிமிஷம் தேடிப் பார்த்துவிடுவேன். பனிக்காடும் ஓநாயும் போட்ட அட்டைக்குப் பின்னால் நிறைய அழுக்கு ஒளிந்திருக்கும்.

உண்மையில் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது நார்வே அல்ல, வெயில் ஊர்கள். பிரேசிலின் பெலோ ஹொரிசாஞ்சியிலிருந்து சார்கோஃபாகோ 1987-ல் போட்ட முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். வியர்வை, கோபம், அவசரம், எல்லாம் ஒன்றாக விழும். நார்வேக்காரர்களே அதைக் கேட்டுத்தான் பல விஷயங்களைக் கற்றுக்கொண்டார்கள். கிரேக்கத்தின் ராட்டிங் கிரைஸ்ட், வராத்ரான் இரண்டும் 1993-ல் போட்ட ஆல்பங்கள் வேறு மாதிரி. வேகத்தைக் குறைத்து, கனமாக, சூடாக ஒரு நடை. எங்கள் டிரம்மருக்கு இந்த நடைதான் உடம்பில் ஒட்டியது. நிமிஷத்துக்கு 200 அடி வேகத்தில் முழுப் பாட்டையும் இழுக்க அவனால் முடியும், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதம் அதைச் செய்தால் மயக்கம் வரும். வேகம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற இடமெல்லாம் நடுத்தர ஓட்டம்.

டோக்கியோவின் சைய் என்ற பேண்டின் முதல் ஆல்பத்தை 1993-ல் வெளியிட்டது யூரோனிமஸின் லேபிள்தான். தூரத்து ஊர்க்காரன் தன் விசித்திரத்தோடு வந்தால் கதவு திறக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. நமக்கு இன்னும் பக்கத்து உறவு சிங்கப்பூரின் ருத்ரா. 1992-லிருந்து இருக்கிறார்கள், இந்தியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வேதாந்தத்தையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் எடுத்துக்கொண்டு எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்குள் தனி வீடே கட்டினார்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அந்த வாசல் எங்களுடையதல்ல. எங்கள் தெருவில் சுலோகம் கேட்டு யாரும் வளரவில்லை, கேட்டதெல்லாம் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானா.

அப்படியென்றால் கானாவையும் பறையையும் உள்ளே போடலாமே என்று உடனே எல்லோரும் கேட்பார்கள். போடலாம், நாங்கள் போடவில்லை. மேலே தூவும் கொத்தமல்லித்தழை ஆக்குவதற்கு அவை இல்லை. அந்தக் கலைஞர்களைச் சரிசமமாக உட்காரவைத்து, காசு கொடுத்து, சேர்ந்து மெட்டுப் போடும் நாள் வந்தால் பார்க்கலாம். அதேபோல 'வடசென்னை' என்றதும் கத்தி, ரவுடி, ரத்தம் என்று எழுதுவதும் எங்களுக்கு ஒத்துவராது. சினிமா அதைத் தேவைக்கு மேலேயே காட்டிவிட்டது.

எங்கள் பாட்டுகளில் வருவது எண்ணூர்க் கழிமுகம், சாம்பல் படிந்த தண்ணீர், ராத்திரியில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கம் வானத்தில் அணையாமல் எரியும் அந்த ஆரஞ்சு நெருப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் பூராவும் பரவியபோது, மீனவர்கள் பக்கெட்டாலும் வெறுங்கையாலும் அதை அள்ளியதைப் பார்த்தோம். அதைப் பற்றி உடனே பாட்டுப் போடச் சொன்னார்கள். பேஸ்காரன் வேண்டாம் என்றான், அவனுடைய மாமா ஒருவர் அள்ளியவர்களில் இருந்தார். ரொம்ப நாள் கழித்து, அவன் எழுதித் தந்த நான்கு வரியில்தான் அந்தப் பாட்டு தொடங்கியது.

வரிகளுக்கு நாங்கள் போய் நிற்கும் இன்னொரு இடம் திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி அங்கே கடற்கரையை ஒட்டி இருக்கிறது. உடம்பு அழுகும், ஊர் மறக்கும், எதுவும் கூட வராது என்று இவ்வளவு நேராகச் சொன்ன ஒருவர் நம் பேட்டையிலேயே இருக்கும்போது நார்வேக் காட்டுக்கு ஏன் போக வேண்டும்? ஆனால் ஒரு எச்சரிக்கை. 'காரைக்கால் அம்மையார்தான் உலகின் முதல் பிளாக் மெட்டல் பாடகி' என்று மீம் போடும் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். அந்த அம்மா பக்தியில் பாடியவர். அவரை நம் விளம்பரத்துக்கு இழுப்பது அழகல்ல.

தமிழில் இந்தக் குரலில் பாட முடியுமா என்றால், தாராளமாக. கிறீச்சிடும்போது மெல்லினமும் இடையினமும் கரைந்துபோகும், ழகரம் சுத்தமாகக் காணாமல் போகும். நிற்பது வல்லினம்தான். அதிலும் இரட்டிக்கும் வல்லினம். கட்டை, பற்று, எச்சம் போன்ற சொற்கள் ஸ்நேர் டிரம் அடியோடு சேர்ந்து விழும். நீட்ட வேண்டிய இடத்தில் ஆகாரமோ ஈகாரமோ வரும்படி வரியை முடித்தால் மூச்சு தானாக ஓடும். குரலைத் தொண்டையை இறுக்கி எடுக்காதீர்கள். மூச்சை அடிவயிற்றிலிருந்து தள்ளி, சத்தத்தைக் குறைவாக வைத்துப் பழகுங்கள். மைக் இருக்கிறது, பெரிதாக்குவது அதன் வேலை. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். நான் பழக ஆரம்பித்த காலத்தில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, முள்ளு மாட்டின பூன மாரி கத்தினுகீற?" என்று கேட்டார். "பாட்டும்மா" என்றேன். "யார் செத்துட்டா?" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் இதுவரை யாரும் எழுதவில்லை.

இனி அறை. ஜாம் ரூம் (ஒத்திகை அறை) வாடகை ஒத்துவராததால் எங்கள் வேலை மொட்டைமாடி ரூமில். முட்டை அட்டையைச் சுவர் பூராவும் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம், வெளியே போவதை ஒரு துளியும் தடுக்காது. கரப்பான் பூச்சிக்குத்தான் வசதி. பழைய பஞ்சு மெத்தைகளைக் கதவிலும் ஜன்னலிலும் சாத்தினால் ஓரளவு பலன் உண்டு. மற்றபடி சத்தத்தை அடக்க அக்கம்பக்கத்து உறவுதான் ஒரே வழி. பரீட்சை மாதத்தில் டிரம்ஸ் கிடையாது, தெருவில் சாவு விழுந்தால் அந்த வாரமே கிடையாது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாட்களில் தெருமுனைக்குத் தெருமுனை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கலாம். ரெக்கார்டிங் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், பிளாஸ்ட் பீட்டுக்குப் பின்னால் எல்.ஆர். ஈஸ்வரி வந்துவிடுவார்.

அடுத்தது கரண்ட், இதைக் கவனமாகப் படியுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் இருக்காது. கிட்டார் தந்தியில் கை, மைக்கில் உதடு, இரண்டும் ஒன்றாகப் பட்டதும் சுள்ளென்று அடிக்கும். டெஸ்டரை மைக் வலைமேல் வைத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் அன்றைக்குப் பாட்டு இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். எங்களுக்கு ஒரு அண்ணன் வந்து, பின்பக்கம் பள்ளம் தோண்டி, எர்த் பைப் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். "வெயில் காலத்துல அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்து தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபயரில் இருந்த இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. ஆம்ப், மிக்சர், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துப் போடும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பதிவின்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் மிச்ச ரீங்காரமும் போகும்.

கடல்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியோடு துடையுங்கள். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கிட்டார் பையில் போட்டு வையுங்கள். ஜாக் கரகரத்தால் உடனே கிட்டாரை மாற்ற வேண்டாம், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும்.

பெடல் எது என்பதைவிட கெயின் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவு) எவ்வளவு என்பது முக்கியம். பிளாக் மெட்டலில் இரண்டே சுரம் உள்ள பவர் கார்டை விட, முழு மைனர் கார்டைத் திறந்து ஒலிக்கவிடுவது அதிகம். கெயினை முழுக்கத் திருகினால் அந்த மூன்றாம் சுரம் சேறாகிவிடும், சோகமே அதில்தான் இருக்கிறது. பாதியில் நிறுத்துங்கள். ஆம்ப்பில் பேஸை (அடிச்சத்தத்தை) குறையுங்கள், மிட்டை (நடுச்சத்தத்தை) வெட்டாதீர்கள். பர்சத்தின் 1996 ஆல்பத்தில் கிட்டார் ஆம்ப்பே கிடையாது, வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்பும் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் பெடல்களும்தான் என்பது பலரும் அறிந்த கதை. ஆளைப் பிடிக்காது, தகவல் உபயோகமானது. டிரம்ஸுக்கு இரண்டு மைக் போதும். ஒன்று டிரம்மரின் தலைக்கு மேலே, ஒன்று கிக்குக்குள். மிச்சத்தை வாசிப்பவனின் கை பார்த்துக்கொள்ளும்.

மேடை ஏறினால் உங்கள் முதல் எதிராளி சவுண்டு அண்ணன். கல்யாணக் கச்சேரியும் கட்சிக் கூட்டமும் பார்த்த நல்ல மனுஷன். ஒரு காலேஜ் நிகழ்ச்சியில் எங்கள் கிட்டார் சத்தத்தைக் கேட்டதும் அவர் ஓடி வந்து, "தம்பி, கேபிள் போயிடுச்சு" என்று புது கேபிள் நீட்டினார். கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்றதும் நம்பாமல் திரும்பிப்போய் ட்ரெபிளை முழுக்க இறக்கிவிட்டார். அடுத்த பாட்டில் நாங்கள் வாசித்தது எங்களுக்கே கேட்கவில்லை. அப்போதிலிருந்து நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு பாட்டை வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பி, 'அண்ணா, இது இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடுகிறோம். முன்கூட்டியே டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இந்த வகை பேண்டுகளின் வழக்கப்படி முகத்தில் வெள்ளைச் சாயம் பூசுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: சென்னையில், ஏசி இல்லாத மேடையில், இரண்டாவது பாட்டில் அது சட்டைக்கு இறங்கிவிடும். நாங்கள் பூசுவதில்லை.

கடைசியாக கேசட். புது வெற்றுக் கேசட் விலை அதிகம் என்பதால் மூர் மார்க்கெட்டில் பழைய சினிமா, பக்திக் கேசட்டுகளை மொத்தமாக வாங்கி அதன்மேல் எங்கள் டெமோவைப் பதிகிறோம். மேல் விளிம்பில் உடைத்திருக்கும் சின்னச் சதுர ஓட்டைகளின்மேல் செல்லோ டேப் ஒட்டினால் கேசட் டெக் பதிவு செய்ய ஒத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த டேப்பை விட்டுவிடுங்கள், ஹெட் பாழாகும். எங்கள் டெமோ பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், அதற்குப் பிறகு பழைய பதிவு மிச்சம் இருக்கும். அது வேண்டாம் என்றால் முதலில் வெறுமையாக ஒரு தடவை முழுக்கப் பதிவில் ஓடவிட்டு அழித்துவிட வேண்டும். நான் அழிக்கச் சொல்கிறேன், பேஸ்காரன் கூடாது என்கிறான். ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு பாட்டு வருகிறதே, அது சும்மா கிடைத்த போனஸ் டிராக் என்பது அவன் வாதம். இந்த விஷயத்தில் ஓட்டெடுப்பு ஒன்றுக்கு ஒன்று. டிரம்மரிடம் டெக்கே இல்லை, அதனால் அவன் ஓட்டுப் போட மறுக்கிறான்.